துவைத்த துண்டு

வெடிமருந்து ஆலையில் நைட்ரோகிளிசரின் கலப்பவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் தலை பிளக்கும். ஞாயிறு ஒரு நாள் அதன் ஆவி படாமல் இருந்தாலே உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போய், மறுபடி பட்டதும் தலைவலி வந்துவிடும். அதனால் லீவு நாளிலும் அந்த ஆவி ஊறிய வேலைத் துண்டைத் துவைக்காமல் கழுத்தில் போட்டிருப்பார்கள். மாசிலாமணியும் அப்படித்தான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அவர் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் எதுக்குங்க இந்த நாத்தம்?" என்று அவர் மனைவி கோமு அதைப் பிடுங்கி, சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாள். மறுநாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் நாக்கடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்தார். "நைட்ரோகிளிசரின்மா. உள்ள போனதும் நைட்ரிக் ஆக்சைடா மாறி ரத்தக்குழாயை விரிச்சுவிடும். நம்ம உடம்பே தினமும் செய்யுற வாயுதான் அது."

சற்று நேரத்தில் நெஞ்சுவலி விட்டது; தலை பிளக்கத் தொடங்கியது. மாசிலாமணி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு சிரித்தார்.

"கோமு, இன்னைக்குத் திங்கக்கிழமையா?"

"வியாழக்கிழமைங்க."

அவள் துண்டைத் துவைத்த தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.