சுவரைத் தள்ளியவள்

"சுவரத் தள்ளிக் கடையப் பெருசாக்கப் போறியோ?" என்று தவமணி அக்காவிடம் ஒருநாள் சூப்பர்வைசர் செல்வின் அண்ணாச்சி கேட்டார்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று, அக்காவுக்குக் குதிகாலை ஊன்றவே முடியாமல் போயிருந்தது. ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்துச் சுவரைத் தள்ளினால் கெண்டைக்கால் இளகி வலி குறையும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"உக்கார ஒரு ஸ்டூல் தாங்க அண்ணாச்சி, நான் எதுக்குச் சுவரத் தள்ளுதேன்?"

"நாற்காலிக்கு ஆர்டர் போயிருக்கு, வரும்."

"போன தீவாளிக்கும் இதத்தான சொன்னிய?"

சேலை மடித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அக்கா வீம்பாக இன்னும் அழுத்தித் தள்ளினாள். சுவர் சடசடவென்று உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வெறும் பலகைத் தடுப்பு. வர்ணம் பூசியிருந்ததால் இத்தனை நாளும் சுவரென்றே நினைத்திருந்தோம்.

உள்ளே கூரை வரைக்கும் நாற்காலிகள். ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் 'பணியாளர் இருக்கை' என்று ஒட்டியிருந்தது.

"எடுத்துப் போடட்டுமா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் எடுக்கணும்னு முதலாளி…" என்று இழுத்தார் அண்ணாச்சி.

அக்கா ஒரு நாற்காலியை வெளியே இழுத்தாள். உட்காரவில்லை. உறைமேல் படிந்திருந்த தூசியை விரலால் வழித்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, நொண்டி நொண்டி வாசலைத் தாண்டிப் போனாள்.