கையெழுத்துக்கு முன்

ரொவீனாவின் முதல் நாவலைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தர இரண்டு ஏஜெண்டுகள் முன்வந்திருந்தார்கள். மாலைக்குள் ஒருவரிடம் கையெழுத்துப் போட வேண்டும். தப்பான ஆளிடம் மாட்டினால் நாவல் அலமாரியிலேயே தூங்கிவிடும். அதனால் அந்த இருவரில் ஒருவனான கிரிஸ்பினைப் பற்றி விசாரிக்க, அவன் புத்தகங்களை விற்றுத்தந்த எழுத்தாளர் ஃபிலிப்பாவை லண்டன் தேநீர்க்கடை ஒன்றில் பிடித்தாள்.

“கிரிஸ்பினா?” ஃபிலிப்பா உதட்டைச் சுழித்தாள். “எதுலயும் குத்தம் கண்டுபிடிப்பான். இனிப்பா ஒரு வார்த்தை வராது. சாப்பிட உக்காந்தாலும் போன்ல யார்கூடவாவது பேரம்தான்.”

“இன்னொருத்தர் தங்கமாப் பேசறார். ஒரு வரிகூட மாத்த வேண்டாமாம். இவர் பாதி நாவலைத் திருப்பி எழுதச் சொல்றார்.”

“சொல்லுவான். என்னால தாங்க முடியலம்மா. கோர்ட்டுக்குப் போய்த்தான் பிரிஞ்சேன்.”

ரொவீனா முடிவெடுத்துவிட்டாள். “நல்லவேளை சொன்னீங்க. ஒப்பந்தத்தை ரத்து பண்ண கோர்ட் வரைக்கும் போகணுமா?”

“ஒப்பந்தமா? நான் விவாகரத்தைச் சொல்றேன். அவன் என் புருஷனா இருந்தான்.”

“அப்போ இப்ப உங்க ஏஜெண்ட் யாரு?”

“அவனேதான். வேற யாரு?” ஃபிலிப்பா தேநீரைக் கலக்கினாள். “தீர்ப்பு வாங்கிட்டு வெளிய வர்றேன், படிக்கட்டுல நின்னு போன்ல கத்திக்கிட்டிருக்கான். என் புத்தகத்துக்குப் பதிப்பகத்துக்காரங்க சொன்ன விலை பத்தாதாம்.”