ஐபீஸுக்குள் பூச்சி

“முட்டை வெச்சிருச்சு மெட்டில்டா! ஞாயித்துக்கிழமை ஒண்ணு, நேத்து ரெண்டு. இன்னிக்கு நாலு!”

மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த வில்பிரட், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டே விரலால் ஒரு பித்தளைக் குழாயைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி கோணியிருந்தது.

“எது முட்டை வெச்சுது?” என்றாள் மனைவி.

“இதுக்குள்ளே இருக்கிற பூச்சி. உவ்வே! வாயால சொல்லவே குமட்டுது.”

அந்தக் குழாய்க்கு ஐபீஸ் என்று பெயர். டெலஸ்கோப்பில் நாம் கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகுகிற லென்ஸ். கிழக்குத் தாம்பரத்தில் மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். ரயில்வே குமாஸ்தா வில்பிரட் பன்னிரண்டு வருஷமாக ஐபீஸ் சேர்த்தார்.

சேர்த்தார் என்பதைவிடக் கழித்தார் என்பதுதான் சரி. ஒரு காலத்தில் பத்தொன்பது இருந்தன. ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் கீறல், ஒன்றில் எவனோ ஒருவனின் இமை மயிர் என்று ஒவ்வொன்றாக அருவருத்துத் தள்ளியதில், மெட்டில்டாவின் நகைப்பெட்டியில் வெல்வெட் மேல் மிஞ்சியவை நாலே நாலு. அவளுடைய வளையல்கள் பவுடர் டப்பாவுக்குக் குடிபோய் வருஷம் ஐந்தாகிறது.

மனிதருக்கு அழுக்கு என்றாலே ஆகாது. அச்சு மை விரலில் ஒட்டி லென்ஸுக்குப் போய்விடும் என்று பேப்பரைக்கூடத் தொட மாட்டார். டிவியில் செய்தி ஓடும் நேரத்தில் மாடியில் இருப்பார். அதற்காக வானத்தின் மேல் கொள்ளை ஆசை என்று நினைக்க வேண்டாம். வியாழன் கிரகம் அவருக்குக் கண் டாக்டர் மாட்டி வைத்திருக்கும் எழுத்துப் பலகை மாதிரி, லென்ஸைச் சோதிக்க மட்டும்.

அந்த நாலும் நல்லவைதான். ஆனால் நன்றாகப் பெரிதாக்கியும் கலங்காமல் காட்டுகிற ஒன்று மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. அது இல்லாமல் பெட்டி நிறையாது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் பழைய சாமான் விற்கும் சேட்டுவிடம் அது அகப்பட்டது.

“மில்ட்ரி சரக்கு சார். ஜெர்மனி. கண்ணாடி சோக்கா கீது, நீயே பாரு!” என்று சேட்டு லென்ஸில் எச்சில் துப்பி லுங்கியால் துடைத்துக் காட்டினான்.

வில்பிரட் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனாலும் தன்னிடமிருந்த நாலில் பெரிதாகக் காட்டும் இரண்டைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். சேட்டுவின் எச்சில் போகச் சனிக்கிழமை முழுக்க ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் துடைத்தார்.

ஞாயிறு மாலை வியாழனைப் பார்த்தார். அப்படியொரு துல்லியத்தை அவர் கண் கண்டதே இல்லை. கிரகத்தின் பட்டைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெரிந்தன. ஆனால் மேல் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், புள்ளி நகர்ந்திருந்தது.

அழுக்கு எங்காவது நகருமா? பூச்சிதான் நகரும். கையில் மிச்சமிருந்த இரண்டு சின்ன ஐபீஸிலும் வியாழன் மிளகு அளவுதான் தெரிந்தது, அதில் புள்ளி எதுவும் இல்லை. பூச்சி புதியதற்குள்தான் குடியிருக்கிறது என்று தீர்மானமாகிவிட்டது.

இன்றைக்குப் புதன்கிழமை. குடும்பம் பெருகிவிட்டது.

“பேசாம சேட்டுகிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்களேன்,” என்றாள் மெட்டில்டா.

“கொடுத்துட்டா இந்த மாதிரி கண்ணாடிக்கு நான் எங்கே போவேன்? இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது. பூச்சியைக் கொன்னாப் போதும். நல்லா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டா.”

“என் பாத்திரத்துல பூச்சி வேகக் கூடாது, சொல்லிட்டேன். உங்க ஷேவிங் மக்கைக் கொண்டாங்க.”

மக்கில் வெந்நீரை ஊற்றினாள். வில்பிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐபீஸை உள்ளே போட்டார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பதறிப்போய் இடுக்கியால் எடுத்தார். லென்ஸ் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் தேடியது கையில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பெரிய மனிதர், அழுகையை அடக்க மூக்கை உறிஞ்சினார்.

“அந்த எச்சில்காரன் என் குடியைக் கெடுத்துட்டான்! இருக்கட்டும், பிணத்தையாவது பார்த்துடறேன்.”

வெள்ளைத் தாளை விரித்து, லென்ஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். பூதக்கண்ணாடி வைத்துத் துழாவினார். கால் இல்லை, இறக்கை இல்லை, முட்டை இல்லை. சனிக்கிழமை துடைத்த துடைப்பில் ஒரு தூசிகூட மிச்சமில்லை.

“நாலும் எங்கே போச்சு மெட்டில்டா?”

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தனக்கோடி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் வீட்டு டிவியில் செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், உங்க டெலஸ்கோப்பை எனக்கும் கொஞ்சம் காட்டுங்க சார். வால் நட்சத்திரம் துண்டு துண்டா வந்து மோதி, வியாழன் மேல தினமும் கறுப்புக் கறுப்பா புள்ளி விழுந்து, கிரகம் சுத்தச் சுத்த நகருதாமே!”