கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"கயித்தைத் தாண்டி ஒரு ஆள் நின்னாலும் மேல எடுக்க மாட்டேன்" என்று நதியா சொல்லிவிட்டாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஆயுத பூஜை. பனியன் கம்பெனி வாசலில் டெய்லர்களும் அவர்கள் பிள்ளைகளும், அவள் கட்டிவைத்த கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நடுவில், அடிவயிற்றில் பூக்கூடை கட்டிய ரிமோட் ஹெலிகாப்டர்.

முதலாளி வெள்ளியங்கிரி ஏற்கெனவே மைக்கில் அறிவித்துவிட்டார். இந்த வருஷம் நம்ம ஆளுங்க தலைமேல வானத்துல இருந்து பூ விழும்.

கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் நதியாவுக்கு ஹெலிகாப்டர் ஓட்ட வந்த முதல் ஆர்டர் இது. இங்கே பெயர் கெட்டால் திருப்பூரில் வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் சாமளாபுரத்தில், வறண்டு கிடந்த குளத்துக்குள் ஓட்டிப் பழகியபோது ஒருநாள் அது கைமீறிப் போய் வேப்பமரத்தில் மோதியது. இறக்கை ஒரு விரல் ஆழத்துக்கு மரத்துக்குள் இறங்கியிருந்தது.

பிடுங்கி எடுத்தவள் அவள்தான்.

வெள்ளியங்கிரி பக்கத்தில் வந்தார். "ஏனுங்க அம்மிணி, ஆளுங்க மேல பறக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்குதுங்க?"

"சட்டம் இன்னும் வரலைங்கய்யா. வர்ற வரைக்கும் நான் வச்சதுதான்."

முன்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர் முகம் சிவந்துபோனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, பூ விழவேண்டிய இடத்தில் போய் நின்றார். "நானே நிக்கறேனுங்க. எடுங்க மேல!"

கூட்டம் விசிலடித்தது.

நதியா ரிமோட்டைத் தரையில் வைத்தாள். ஹெலிகாப்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"உங்க மேலயும் விடமாட்டேனுங்கய்யா."

விசில் நின்றுபோனது.

அவர் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளியங்கிரி மைக்கை வாங்கினார். "அம்மிணி சொல்றதக் கேளுங்க. அல்லாரும் கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அவரும் போய் அவர்களோடு நின்றார்.

நதியா பேட்டரியைத் திரும்ப மாட்டினாள். ஹெலிகாப்டர் எழும்பியது. வெறும் மண்ணில் செவ்வந்திப் பூ கொட்டியது. ஒருவர் தலையிலும் ஓர் இதழ்கூட விழவில்லை. பிள்ளைகள் என்னவோ குதித்துக் குதித்துக் கத்தினார்கள்.

அவள் கிளம்பும்போது வெள்ளியங்கிரியே பொரிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மைக்குல சொல்லிப்போட்டு எப்படீங்க பின்வாங்கறது? அதுதான் போய் நின்னுட்டனுங்க. நீங்க நெசமாலுமே மேல எடுத்துப்போடுவீங்களோன்னு… காலு ரெண்டும் வெடவெடன்னு ஆயிப்போச்சுங்க."