முன்வரிசை

முன்னோர் அடிமைப்பட்டதற்கு ஈடாகக் கறுப்பின மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தை நீக்கலாமா என்று அரங்கில் விவாதம் நடந்தது.

"கொள்ளுத்தாத்தா காலத்துக் கதைக்கு இன்னைக்கு இலவசமா? அவனவன் படிப்புக்கு அவனவன்தான் கட்டணும்" என்றான் முன்வரிசையில் இருந்த பிரெஸ்காட்.

"நீ கட்டுறியா?" என்று கேட்டாள் கறுப்பின மாணவி லட்ரீஸ்.

"நான் எதுக்கு? கல்லூரியை ஆரம்பிச்சவரோட ரத்த வாரிசு நான். எங்க குடும்பத்துக்கு எப்பவுமே கட்டணம் கிடையாது. இந்த முன்வரிசையே எங்களுக்குத்தான்."

லட்ரீஸ் விவாதத்தை நடத்திய தலைவரிடம் திரும்பினாள்.

"ஐயா, ஈடு பத்தி நீங்க மெதுவா பேசி முடிங்க. எனக்கு அந்தக் குடும்ப வழக்கமே போதும். எங்க பூட்டிக்குப் பாட்டி, கல்லூரியை ஆரம்பிச்சவர் வீட்டு அடிமை. அவ பெத்த பிள்ளைங்களுக்கு அவர்தான் அப்பா. மரபணுச் சோதனையும் பண்ணியாச்சு."

நேராக முன்வரிசைக்கு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு, பங்காளி."