இடப்பக்கம்

நாமகிரிப்பேட்டையின் மாலை வெயில் காரின் திறந்த டிக்கிக்குள் சரிந்து விழுகிறது. பதினெட்டு வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வந்திருக்கும் சகாயராஜ், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடி குனிந்து நிற்கிறான். ஒரு வாரமாக இடப்பக்க ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கடையில் கொடுக்கலாமா, தானே பிரித்துவிடலாமா? கையில் திருப்புளி இருக்கிறது, மனம் எதிலும் ஒட்டவில்லை. பாட்டு வலப்பக்கம் மட்டும் ஓடுகிறது. மஞ்சள் காயப்போட்ட கையோடு வந்த அவன் மனைவி லிடியா, முன்சீட்டில் உட்கார்ந்து இடது கதவின் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். "ஏனுங்க, இது நல்லாத்தானுங்களே பாடுது!" அவன் சுற்றி வந்து அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைக்கிறான். தகடு திம்திம்மென்று அதிர்கிறது. வலது காதை விரலால் அடைத்துப் பார்க்கிறான். பாட்டு நின்றுவிடுகிறது. ரோட்டில் போகும் லாரிக்கும் சத்தமில்லை. லிடியாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. ரிக்கில் கம்ப்ரஸர் எப்போதும் தனக்கு இடப்பக்கம்தான் இரைந்தது என்பது நினைவுக்கு வருகிறது. பயமோ துக்கமோ வரவில்லை. அவள் விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தூளையே பார்க்கிறான். பிறகு விரலை எடுக்கிறான். "என்னங்க, கேட்டுட்டே இருக்கறேன், கடைக்குக் கொடுத்துரலாமுங்களா?" "வேண்டாம் லிடியா. அதுக்கு ஒண்ணுமில்ல" என்கிறான்.