கொக்கி

“பவளத்தை மெஷினுல போடக் கூடாதுங்க, வெளுத்துரும்” என்று சொல்லிக்கொண்டே ஜோதி தாலிக்கொடியின் கொக்கியைத் திறந்து, இரண்டு பவளங்களையும் மெல்ல உருவி எடுத்தாள்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. மோகனூர்க் கடைவீதியில் இருந்த அந்தச் சிறிய நகைக்கடை பெண்களால் நிறைந்திருந்தது. காவிரியில் முழுகி எழும்போது கழுத்தில் கிடப்பது பளிச்சென்று இருக்க வேண்டும் எல்லோருக்கும்.

கொடிக்குச் சொந்தக்காரி பெரியநாயகி. எழுபதைத் தொட்டவள். அவள் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் மட்டும். தாலி கழுவி வரும்வரை கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று கடையில் கட்டிவிடுவது வழக்கம். கட்டிவிட்ட தனப்பிரியா சாப்பிடப் போயிருந்தாள்.

கயிறு கட்டுவது, கொடியைக் கழற்றுவது, திரும்ப மாட்டிவிடுவது எல்லாம் தனப்பிரியாவின் வேலை. ஜோதிக்கு நகை கழுவும் மெஷின் மட்டும்தான்.

“மெஷினைப் பாத்துக்க அம்மிணி. கழுத்துப் பக்கம் மட்டும் போயிராத” என்று முதலாளி சின்னண்ணன் வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லியிருந்தார். போன வருடம் அவசரத்தில் ஜோதி ஒரு பெண்ணுக்குக் கொக்கி மாட்டப் போய், கடையே இரண்டுபட்டது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை.

மெஷினை அவள் பூசைச் சாமான் போலப் பார்த்துக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் கோடு வரை நிற்க வேண்டும். குறைந்தால் ஓட்ட மாட்டாள். சோப்பு நீர் நாலு சொட்டு. நகை அடித்தகட்டில் படாமல் கம்பிக்கூடையில் தொங்க வேண்டும். ஒரு கூடையில் ஒருத்தியின் தாலிதான். எவ்வளவு கூட்டம் முண்டியடித்தாலும் இருவர் தாலியைச் சேர்த்துப் போட்டதில்லை.

பெரியநாயகியின் கொடியை மூன்று நிமிடம் வைத்தாள். டப்பாவில் அடைபட்ட வண்டைப் போல மெஷின் இரைந்தது.

வரிசையில் அடுத்து நின்ற ஆத்தாயி மூடியைத் தூக்கி விரலை உள்ளே நீட்டினாள்.

“கையை விட்டுராதீங்க! ஓடறப்ப தொட்டா எலும்பு வரைக்கும் கூசும்.”

ஆத்தாயி விரலை இழுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. தாலியின் இடுக்குகளிலிருந்து மஞ்சள் புகை புகையாகக் கிளம்பி, தண்ணீரில் படர்ந்து கொண்டிருந்தது.

“ஏனக்கா, அம்பது வருசத்து மஞ்சளும் போச்சுன்னா, உங்கூட்டுக்காரரு யாரோ புதுப்பொண்ணுன்னு நெனச்சுக்கப் போறாரு!”

“நெனைக்கட்டும். அப்பவாச்சும் கேட்டதுக்குப் பதில் பேசுவாரு” என்றாள் பெரியநாயகி.

கடை சிரித்தது. ஜோதியும் சிரித்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து மஞ்சள் வாசம் எழுந்தது. அவளுக்கு அது வேறொரு ஆடிப்பெருக்கு. இடுப்பளவு ஆற்றில் வீரன் புதுக் கயிற்றை ஈரக்கையோடு பிடித்துக்கொண்டு தடுமாறுகிறான். எவ்வளவு தேய்த்தும் லாரி டீசல் வாசம் போகாத கை. கரையில் தூக்குப்போசியில் புளிச்சோறு. “நனைஞ்ச கயிறு நல்லா இறுகிக்கும், பயப்படாத” என்று சொல்லிச் சொல்லி மூன்று முடிச்சையும் போட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் குளிரில் பல் கிட்டிவிட்டது. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படித்துறையே திரும்பிப் பார்த்தது.

இரைச்சல் நின்றது.

ஜோதி சுவிட்சை அணைத்து, கூடையைத் தூக்கினாள். கொடியை நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றினாள். பவளங்களை ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள். எது வலப்பக்கம் கிடந்தது, எது இடப்பக்கம் என்று நினைவு வைத்திருந்தாள். அதே வரிசையில் கோத்து, வெற்றிலை மேல் வைத்து நீட்டினாள்.

“பத்து நிமிசத்துல தனப்பிரியா அக்கா வந்துருவாங்க. மாட்டி உடுவாங்க.”

பெரியநாயகி முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கொண்டையை ஒதுக்கினாள்.

“நீயே மாட்டி உடு சாமி.”

ஜோதி வெற்றிலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நான் மாட்டக் கூடாதுங்க.”

வீரன் இறந்து இது நான்காவது ஆடி.

கல்லாவிலிருந்து சின்னண்ணன் தலையைத் தூக்கினார். ஆத்தாயி மெதுவாகச் சொன்னாள்: “சித்த பொறுத்தா அந்தப் புள்ளயே வந்துருமில்லீங்கக்கா? நல்ல நாளும் அதுவுமா…”

பெரியநாயகி அசையவில்லை. நின்ற இடத்திலிருந்தே கல்லாவைப் பார்த்துப் பேசினாள்.

“மொதலாளி, இதுக்காக இந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க. கேட்டது நானு.”

சின்னண்ணன் ஜோதியைப் பார்த்தார். பிறகு கணக்கு நோட்டில் குனிந்துகொண்டார்.

ஜோதி கொடியை எடுத்து அந்தக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அப்போதுதான் பெரியநாயகி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“எங்கய்யன் சாகறப்ப எனக்கு ஆறு வயசு சாமி. என்ற கலியாணத்தன்னைக்கு எங்கம்மாள அடுப்படிய உட்டு வெளிய வரவே உடல.”

கொக்கியின் வளையம் ஜோதியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டு முறை தவறியது.

பெரியநாயகி அவசரப்படுத்தாமல் தலை குனிந்தபடியே நின்றாள்.